நாற்பத்தேழாம் நம்பருக்கு உறைமோர்

சுங்குவார்சத்திரம் பக்கம் புதிதாக வருகிற பெண்ணைப் பார்த்தால் ஊரார் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எந்தக் கம்பெனி, எந்த ஷிப்ட். காரா, போனா, லாரியா, லாரிக்குள் போகிற நட்டு போல்ட்டா என்று தெரிந்துவிட்டால் போதும். அந்தப் பெண் எப்போது சாப்பிடுவாள், எப்போது தூங்குவாள், எந்த பஸ்ஸில் போவாள் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். சங்கரன்கோவிலிலிருந்து சுகப்பிரியா ஒரு பையும் ஒரு பிளாஸ்டிக் வாளியுமாக மாடி அறை கேட்டு வந்து நின்ற அன்றும் வீட்டுக்காரி சுந்தராம்பாள் அதைத்தான் கேட்டாள்.

"இன்னாமா, நீ காரா போனா?"

"ரெண்டும் இல்லக்கா. மருந்து."

மாத்திரையை அட்டையில் அடைக்கிற வேலையா என்று கேட்டாள் சுந்தராம்பாள். இல்லை, புது மருந்து கண்டுபிடிக்கிற லேப், ஒரகடத்தில் இருக்கிறது, உலகத்தில் இதுவரை இல்லாத பொருளை அங்கே கையால் செய்து பார்ப்போம் என்றாள் சுகப்பிரியா. எந்த நோய்க்கு என்று அடுத்த கேள்வி வந்ததும் பெண்ணுக்கு வாய் கட்டிப்போயிற்று. ஏனென்றால், கேட்டவளின் இடது கால் முழங்காலுக்குக் கீழே உரல்போல் பருத்து, எதிரே இருந்த முக்காலிமேல் சாவகாசமாக நீட்டிக்கொண்டிருந்தது.

"யானைக்காலுக்குத்தான்க்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

சுந்தராம்பாள் சிரித்த சிரிப்பில், தெருவில் போன ஷேர் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "யோவ், இங்க வாயேன். நம்ம காலைத் தேடிகினு சங்கரன்கோவில்லேருந்து ஆள் வந்துகீது" என்று உள்ளே இருந்த புருஷனைக் கூப்பிட்டாள். "தூக்கிகினு நடக்கிறது நானு. பேரு மட்டும் யானைக்கு." அன்றே மாடி அறை சுகப்பிரியாவுக்கு ஆயிற்று.

அந்தப் புருஷன் கன்னியப்பன். அந்த மருந்து லேப்பின் வேனை ஓட்டுகிறவரும் அவரே, ஆனால் உள்ளே எந்த நோய்க்கு என்ன செய்கிறார்கள் என்று அதுவரை அவர் கேட்டதில்லை. காலையில் ஆட்களை ஏற்றி ஒரகடம் கொண்டுபோவார், மாலையில் திரும்ப இறக்குவார், நடுவில் பார்சல் இருந்தால் மீனம்பாக்கம் ஏர்போர்ட் வரை போய்க் கொடுத்துவிட்டு வருவார். பரம்பரையாக விவசாயம் பார்த்த குடும்பம். நிலம் சிப்காட்டுக்குப் போனபின் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது.

சுகப்பிரியாவுக்கு ஒரு குணம் உண்டு. யாரையும் ஏமாற்றித் தேற்றத் தெரியாது. குடிவந்த வாரத்திலேயே சுந்தராம்பாளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். நாங்கள் செய்கிற மருந்து வீங்கிப்போன காலை வற்றவைக்காது. அது உடம்புக்குள் இருக்கிற புழுவைக் கொல்வதற்கு. கொசு கடித்து உள்ளே போகிற புழு, நூல்போல் நீண்டு, நிணநீர் ஓடுகிற குழாயில் வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்துகிறது. அரசாங்கம் வீடு வீடாகக் கொடுக்கிற மாத்திரை குஞ்சுகளைக் கொன்றுவிடும்; தாய்ப்புழு லேசில் சாவதில்லை. அதைக் கொல்ல ஒன்று கிடைத்தால் இனி வருகிறவர்களுக்குக் கால் வீங்காது. அவ்வளவுதான் என்றாள்.

சுந்தராம்பாள் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். நாள் தவறாமல் அவள் செய்கிற வேலை அது.

"அப்ப இந்தக் காலு எனக்கே எனக்குத்தானா? சரி போ. ஆனா அந்தப் புழுவை வுடாத சுகா. என் காலை இந்த கதி பண்ணிட்டு அது சும்மா போவக் கூடாது."

அதற்குப்பின் தினமும் வேலைவிட்டு வந்ததும் சுகப்பிரியா பதில் சொல்லியாக வேண்டும். கோர்ட்டில் ஆஜர் ஆகிறமாதிரி.

அவள் செய்கிற வேலையைக் கேட்டால் அப்படி ஒன்றும் மாயம் கிடையாது. சட்டை தைக்கிறவன் உடம்புத் துணியை அப்படியே வைத்துக்கொண்டு, ஒருமுறை கையை மாற்றிப் பார்ப்பான், ஒருமுறை காலரை மாற்றிப் பார்ப்பான். அதுபோல ஒரு பொருளை எடுத்து, அதன் ஒரு மூலையை மட்டும் மாற்றி மாற்றிப் புதுப்புதுப் பொருளாகச் செய்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கண்ணாடிக் குடுவையில் கலக்கி, சூடேற்றி, குளிரவைத்து, வடிகட்டி, கடைசியில் கொஞ்சூண்டு மிஞ்சும். அதை வடநாட்டில் உள்ள ஒரு சோதனைச்சாலைக்கு அனுப்பினால், அங்கே தட்டில் நீந்துகிற புழுமேல் விட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலானவற்றுக்குப் புழு அசைந்துகூடக் கொடுக்காது. சந்தோஷமாக நீந்திக்கொண்டே இருக்கும்.

நாற்பத்தேழாம் நம்பர் அப்படி இல்லை. சுகப்பிரியா செய்தது. முதன்முதலில் துளி அனுப்பியபோதே புழு தள்ளாடியது என்று தகவல் வந்தது. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிற அப்பாவுக்கு போன் போட்டு, நம்ம சரக்குக்குப் புழு தள்ளாடுதுப்பா என்று சொன்னாள். அவர் புரிந்தும் புரியாமலும், யார் குடிச்சிட்டு தள்ளாடுறான் என்று கேட்டார்.

அடுத்தகட்டமாக நிறைய வேண்டும் என்று கேட்டார்கள். அங்கேதான் வம்பு. சின்ன அளவில் செய்தபோது அது பிசினா பொடியா என்று யாரும் கவனிக்கவில்லை. பெரிய அளவில் செய்தபோது நாற்பத்தேழு பிசினாக நின்றுவிட்டது. வெந்த வெல்லப்பாகு மாதிரி குடுவையின் அடியில் படிந்துகொண்டு, தேனும் இல்லாமல் கல்லும் இல்லாமல். பிசினை நிறுக்க முடியாது. அதற்குள் கரைத்த திரவம் சிக்கிக்கொண்டிருக்கும். புழு செத்தால் மருந்தால் செத்ததா அந்தத் திரவத்தால் செத்ததா என்று தெரியாது. ஆகவே இந்தக் கட்டத்தில் காய்ந்த பொடியாக வந்தால்தான் சோதனைச்சாலை வாங்கும்.

பொடியாக வேண்டுமானால் பாகு கற்கண்டாவதுபோல அது கட்டிக்கொள்ள வேண்டும். சுகப்பிரியா எல்லாம் செய்து பார்த்தாள். ஐஸில் வைத்தாள். குடுவையின் உட்பக்கத்தைக் கண்ணாடிக் குச்சியால் சுரண்டினாள். திரவத்தை மாற்றினாள். குடுவையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "ஏளா, நீ உறையுதியா, இல்ல நான் ஊருக்குப் போகட்டா?" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தாள். அது அசையவில்லை.

லேப்பில் அவளுக்கு மேலதிகாரி நம்பிராஜன். களக்காட்டுக்காரர், பேச்சில் கறார், ஆனால் சிரிக்கத் தெரிந்தவர். ஆயுத பூஜை லீவு முடிந்து அந்த வாரக் கடைசியில் பார்சல் போகும், பொடியாக இருப்பது எதுவோ அதுதான் போகும் என்று சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டாம் நம்பர் வெள்ளைவெளேர் என்று பொடியாகக் காத்திருந்தது. புழுவுக்கு அது அவ்வளவாக உறைக்காது, ஆனால் சொன்னபடி கேட்கிற பிள்ளை. அது போய்விட்டால் நாற்பத்தேழு அலமாரிக்குப் போய்விடும். அலமாரிக்குப் போனது திரும்பி வருவதில்லை.

சுந்தராம்பாளிடம் இதையும் ஆஜர் ஆகிச் சொன்னாள். கேட்டுவிட்டுச் சுந்தராம்பாள் சாதாரணமாகக் கேட்டாள்: "இன்னாத்துக்கு இந்த பாடு? கொஞ்சம் உறை ஊத்தேன்."

விஷயம் அதுதான். பால் தயிராக உறைமோர் வேண்டும். அதுபோல, இப்படிப்பட்ட பாகில் அதே பொருளின் ஒரு சிறு கட்டியைப் போட்டால் அதைப் பிடித்துக்கொண்டு மீதி எல்லாம் கட்டிவிடும். லேப்பில் எல்லாரும் செய்கிற வேலைதான். ஆனால் உறைமோர் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் வாங்கலாம். நாற்பத்தேழுக்கு எந்த வீட்டில் வாங்குவது? உலகத்திலேயே அது இருக்கிற ஒரே வீடு சுகப்பிரியாவின் குடுவை. அங்கேயும் பிசினாகக் கிடக்கிறது.

"அப்ப உலகத்துக்கே மொத தயிரு நீதான் போடணும்னு சொல்லு" என்றாள் சுந்தராம்பாள். வருத்தமாகச் சொல்லவில்லை. ஏதோ பெரிய பதவி கொடுக்கிறமாதிரி சொன்னாள்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் ஒரகடம் சாலையைப் பார்க்க வேண்டும். கம்பெனி பஸ் ஒவ்வொன்றுக்கும் முகப்பில் வாழைக்கன்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், கேட் வாசலில் உடைத்த பூசணிக்காய். ரோபோ கைக்குக்கூட மாலை போட்டிருப்பார்கள். மருந்து லேப்பில் மட்டும் ஒரு கட்டுப்பாடு. உள்ளே கற்பூரம் ஏற்றக் கூடாது. ஈதர் மாதிரி பட்டென்று தீப்பிடிக்கிற திரவங்கள் இருக்கிற இடம். அதனால் சாமி லேப்புக்குப் போகாது, லேப்தான் சாமியிடம் வரும். வாசலில் ஷெட்டுக்குக் கீழே படம் வைத்து, ஆளாளுக்கு அவரவர் ஆயுதத்தைக் கொண்டுவந்து அடுக்குவார்கள். ஃபிட்டர் ஸ்பானரையும், அக்கவுண்ட்ஸ்காரர் கால்குலேட்டரையும், ஹவுஸ்கீப்பிங் செந்தாமரை மாப்பையும் வைத்தார்கள். நம்பிராஜன் யாரும் பார்க்காதபோது தன் மூக்குக்கண்ணாடியை வைத்தார்.

சுகப்பிரியா கொஞ்சம் கூச்சத்தோடு நாற்பத்தேழாம் நம்பர் குடுவையையே கொண்டுவந்து வைத்தாள். வாயை ஃபாயில் தாளால் மூடி, திரவம் மெல்ல ஆவியாகட்டும் என்று அதில் ஊசியால் துளை போட்டிருந்தாள். விளக்குப் பக்கம் போகாமல் ஓரமாக, எட்டத்தில் வைத்தாள்.

பூஜை போடுகிறவர் வருஷாவருஷம் கன்னியப்பன்தான். வேனிலிருந்து கால்குலேட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். பொரி, கடலை, சுண்டல் பங்கிட்டார்கள். சுகப்பிரியா குடுவையை எடுத்துக்கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்துவிட்டு, எல்லாரையும்போல் லீவுக்குக் கிளம்பினாள்.

லீவு முடிந்த காலையில், அவள் கண்ணாடி போட்டு, கோட்டு மாட்டி, கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே குடுவையைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அடியிலிருந்து கழுத்துவரை பளபளவென்று ஊசி ஊசியாக, உப்பளத்தில் வெயில் அடித்தமாதிரி, நாற்பத்தேழு கட்டியிருந்தது. கழுத்தைத் தாண்டி ஃபாயில் தாளின் உட்பக்கம்வரை ஏறியிருந்தது.

குடுவையைத் தூக்கிக்கொண்டு நம்பிராஜன் அறைக்கு ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் ஃபாயில் தாள் வராந்தாவில் விழுந்தது. அதை யார் கவனிப்பார்கள்? நம்பிராஜன் குடுவையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு அடியில் எதையோ உற்றுப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு படிவு.

"இது என்னம்மா?"

தெரியவில்லை என்றாள். தூசியா என்று கேட்டார். தூசி அவ்வளவு விழாது. அப்போது வராந்தாவில் கன்னியப்பன் நின்றிருந்தார், பூஜை சாமான் மிச்சத்தை எடுக்க வந்தவர். ஒளிக்கிற ஆள் இல்லை.

"மேல பொட்டு வெச்சேன் சார். ஆனா அது தாளுக்குத்தானே போச்சு? உள்ள கீறவளுக்கு ஒண்ணும் இல்லியேன்னு, தாளைத் தூக்கி ஒரு சிட்டிகை துன்னூறு போட்டேன். வல்லக்கோட்டை முருகனோடது. தப்பா?"

நம்பிராஜன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். எந்தப் பொருள் குடுவைக்குள் போனாலும் அறிக்கையில் அவர் எழுதியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் போடுகிறவர்கள் அதைப் படிப்பார்கள். பசுஞ்சாணச் சாம்பல் என்று எழுதினால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தார் போலிருக்கிறது. சுவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் தண்ணீர் குடித்தார். பிறகு கன்னியப்பனிடம் இனிமேல் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சுகப்பிரியாவிடம், சூடான திரவத்தில் கரைத்து, சாம்பலை வடிகட்டிவிட்டு, திரும்பக் கட்டவிடச் சொன்னார்.

சந்தோஷம் மனுஷருக்குக் கண்ணை மறைக்கும். சொன்னவருக்கும் தோன்றவில்லை, செய்தவளுக்கும் தோன்றவில்லை. சுகப்பிரியா அவ்வளவையும் கரைத்தாள். ஊசி ஊசியாக இருந்தது ஒன்று பாக்கியில்லாமல் கரைந்தது. வடிதாளில் சாம்பல் தங்கியது, கீழே கண்ணாடிபோல் தெளிவாக இறங்கியது. ஆறவைத்தாள். மத்தியானம் பார்த்தாள். சாயங்காலம் பார்த்தாள். அடியில் வெல்லப்பாகு உட்கார்ந்திருந்தது.

நம்பிராஜனும் ஒரு சின்னச் சோதனைக்குழாயில் கொஞ்சம் பாகை எடுத்து, கன்னியப்பனிடம் கேட்டு வாங்கிய திருநீற்றில் ஒரு சிட்டிகை போட்டு, மேஜை ஓரத்தில் ஒளித்து வைத்திருந்ததைச் செந்தாமரை பார்த்துவிட்டாள். அதிலும் ஒன்றும் கட்டவில்லை. சாமிக்கும் ஒரு மனசு இருக்குமில்ல சார், ஒளிச்சுவெச்சா எப்படி வரும் என்று செந்தாமரை மாப்பைப் பிழிந்துகொண்டே கேட்டாளாம்.

பார்சல் போவதற்கு முந்தின நாள் வந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்த சுகப்பிரியா சாப்பிட உட்காரவில்லை. மாடிக்கும் போகவில்லை. கீழேயே, சுந்தராம்பாளின் முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

சுந்தராம்பாள் கேட்டாள்: "எல்லாத்தையும் வழிச்சி ஊத்திட்டியா? உறைக்கு இத்தினூண்டு நிறுத்தி வெக்கல?"

"இல்லக்கா. மறந்துட்டேன்."

"படிச்ச பொண்ணு செய்ற வேலையாடி இது?" என்று சுந்தராம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தன் பங்குக்கு, கல்யாணமான புதிதில் தானும் ஒருநாள் தயிர்ச்சட்டியைச் சுத்தமாக வழித்துப்போட்டு, மாமியாருக்குப் பயந்து தெருவெல்லாம் உறைமோர் கேட்டு அலைந்த கதையைச் சொன்னாள். சட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் போட்டுத்தான் கடைசியில் காரியம் நடந்ததாம்.

கன்னியப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர், கையை நிறுத்தினார்.

"சுகா, அந்த தாளு இன்னா ஆச்சு? பொட்டு வெச்ச தாளு?"

தெரியல அண்ணாச்சி, எங்கேயோ விழுந்துட்டு என்றாள்.

"எங்கியும் வுழல. எங்கிட்டதான் கீது." எச்சில் கையோடு எழுந்தார். "சந்தனம் குங்குமம் பட்டது கால்ல மிதிபடக் கூடாதுன்னு எடுத்து வேன்ல முருகர் படத்துக்குப் பின்னாடி சொருகிவெச்சேன். உள்பக்கம் கல்கண்டாட்டம் ஒட்டிகினு இருந்துச்சே."

சுகப்பிரியா அவர் கை கழுவும்வரைகூடக் காத்திருக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு வாசலில் நின்ற வேனைத் திறந்தாள். டேஷ்போர்டில் முருகன் படத்துக்குப் பின்னால் நாலாக மடித்த ஃபாயில் தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் பிரித்தாள். மடிப்புக்குள் ஊசி ஊசியாக மினுங்கியது. அவள் மூச்சுகூட விடவில்லை, பறந்துவிடுமோ என்று.

சுந்தராம்பாள் வாசல்வரை காலை இழுத்துக்கொண்டு வந்து ஒரு சுத்தமான எவர்சில்வர் சம்படம் நீட்டினாள். சுகப்பிரியா தாளை அதற்குள் வைத்து மூடினாள். "துன்ற சாமான் வெக்கிற டப்பா, மருந்து பட்டுச்சு, இனி எனக்கு வேணாம். உன் பொண்ணு நாப்பத்தேழே வெச்சிக்கட்டும்" என்றாள் சுந்தராம்பாள்.

காலையில் முதல் ஆளாக நம்பிராஜன் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாம்பல் ஒட்டாத சுத்தமான ஊசிகளாகப் பார்த்துப் பார்த்து, சுகப்பிரியா இடுக்கியால் பொறுக்கினாள். பாதியைச் சின்ன பாட்டிலில் பத்திரப்படுத்தினாள். இந்தமுறை முதல்வேலையாக அதைத்தான் செய்தாள். மீதியைக் குடுவைக்குள் போட்டாள்.

முதலில் ஒன்றும் இல்லை. நம்பிராஜன் டீ வேண்டும் என்றார், ஆனால் எழுந்து போகவில்லை. பிறகு பாகின் நடுவில் ஒரு வெள்ளை நட்சத்திரம் தோன்றியது. அதன் கை நீண்டது. அதிலிருந்து இன்னொரு கை. மழை பெய்து ஓய்ந்த தரையில் புல் முளைப்பதுபோல, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடுவை முழுக்க வெள்ளையாகிப்போனது. குடுவையைச் சாய்த்தாள். ஒழுகவில்லை.

"உறைஞ்சிட்டு சார்" என்றாள்.

"ஆமாட்டி, உறைஞ்சிட்டு" என்றார் நம்பிராஜன். பத்து வருஷமாகக் களக்காட்டுப் பேச்சை லேப் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிறவர் அவர்.

வடிகட்டி, கழுவி, உலர்த்தி, நிறுத்து, சாயங்காலத்துக்குள் பெட்டியில் ஏறியது. ஐம்பத்திரண்டும் போனது, ஆனால் நாற்பத்தேழுக்குப் பின்னால். அறிக்கையில் நம்பிராஜன் உள்ளதை உள்ளபடி எழுதினார்: முதல் படிகம் கோயில் திருநீறு விழுந்த குடுவையில் வந்தது, காரணம் உறுதியாகச் சொல்ல இயலாது, மறுமுறை முயன்றபோது வரவில்லை. யார் மறுமுறை முயன்றது என்று மட்டும் எழுதவில்லை.

பெட்டியை வேனில் ஏற்றினார்கள். கன்னியப்பன் ஸ்டியரிங்கில் உட்காராமல், சட்டைப் பையில் கையை விட்டபடி பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

"வெளிப்பக்கம் மட்டும், கன்னியப்பன்" என்றார் நம்பிராஜன்.

பெட்டிமேல், விலாசத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் திருநீற்றுக் கீற்றோடு நாற்பத்தேழு ஏர்போர்ட்டுக்குப் போயிற்று.

அந்தச் சின்ன பாட்டில் இன்னும் லேப்பின் குளிர்பெட்டியில் இருக்கிறது. எப்போது நாற்பத்தேழைத் திரும்பச் செய்தாலும் அதிலிருந்து ஒரு ஊசிமுனை எடுத்துப் போடுவார்கள், செய்து முடித்ததும் புது ஊசி எடுத்து வைப்பார்கள். லேப்பில் எல்லாருமே இப்போது அதை உறைமோர் என்றுதான் சொல்கிறார்கள். பாட்டிலை ஒரு எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

பொங்கலுக்குப் பிறகு தகவல் வந்தது. அன்று சுகப்பிரியா வேனிலிருந்து இறங்கும்போதே சுந்தராம்பாள் காலைக் கழுவித் துடைத்து முக்காலியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். புருஷன் போனில் பாதி சொல்லிவிட்டார். ஆனாலும் முறையாக ஆஜராக வேண்டாமா?

"புழு செத்துதா?"

"எல்லாம் சாகலக்கா. பொய் சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல அசையாம கெடக்கு. குஞ்சு போடுததையும் நிறுத்திட்டு. அடுத்த சோதனைக்கு எடுத்துக்கிட்டாங்க. இன்னும் எத்தனையோ படி இருக்கு."

சுந்தராம்பாள் தன் பருத்த காலை ஒருமுறை தடவிக்கொடுத்தாள், எதிராளி தோற்றுக்கொண்டிருக்கிறான் என்று அதற்கும் சொல்கிறவள்போல்.

"மயங்கிட்டான் இல்ல, அது போதும். மீதியை அடுத்த ஷிப்ட்ல முடிச்சிரு" என்றாள். "இப்ப உக்காரு, சோறு ஆறிகினு கீது. தயிரு இன்னிக்கு நல்லா உறைஞ்சிருக்கு."